காற்று மிஷினை இறக்கிய திங்கட்கிழமை

"நாங்க அஞ்செட்டிக்குப் போயிட்டா நீ யாருகிட்டடி பேசுவே?"

அக்கா இதைக் கேட்டபோது என் மடியில் முறம் இருந்தது. கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளி ஆள் வந்தால் நான் ராகிக் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஏழாவது படிக்கும்போது வாத்தியார் எழுப்பிப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால், நன்றாகத் தெரிந்த பாடமும் தொண்டையிலேயே நின்றுவிடும். "வாய் திறக்காத பொண்ணுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம், மாட்டைப் பாத்துக்கினு கெடக்கட்டும்" என்று அப்பா நிறுத்திவிட்டார். ராஜாத்தி அக்கா ஒருத்தியிடம்தான் எனக்குப் பேச்சு வரும். அதுகூட அவள் பத்து வார்த்தை பேசினால் நான் ஒன்று.

அக்காவும் அவள் புருஷனும் போவார்களா மாட்டார்களா என்பது காற்று மிஷின் உடையாமல் கீழே இறங்குவதைப் பொறுத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அக்கா புருஷன் சென்னகிருஷ்ணன் மாமா. நாகரசம்பட்டிக்காரர், அப்பா அம்மா இல்லாதவர். மத்திகிரிப் பக்கம் ஒரு துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். அந்தப் பங்களாவுக்குக் கரண்டு காற்றிலிருந்து வந்தது. உயரமான இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு டைனமோ, அதன் மூக்கில் மர இறக்கை, பின்னால் மீன்வால் மாதிரி ஒரு தகடு. காற்றடித்தால் இறக்கை சுற்றும், டைனமோ ஓடும், கீழே பாட்டரிகளில் சார்ஜ் ஏறும். துரை தன் நாட்டுக்குக் கப்பலேறும்போது அதை மாமாவுக்கே கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. நிலத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மாமாவை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். கூடவே மிஷினும் கோபுரமும் வண்டியில் வந்து இறங்கின, வீட்டுப் பக்கத்து மேட்டில் நட்டார்கள். "எல்லா ஊர்லயும் பொண்ணு சீர் கொண்டாருவா. கோவிந்தப்பன் வீட்ல மாப்ள காத்தைக் கொண்டாந்திருக்கான்" என்று ஊர் சிரித்தது.

சிரித்தவர்களே பிறகு பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுற்று வட்டாரத்துப் பஞ்சாயத்து ரேடியோ எல்லாம் அப்போது பாட்டரியில்தான் பாடும். பாட்டரி தீர்ந்தால் ஓசூருக்கு வண்டி கட்ட வேண்டும். எங்கள் மேட்டில் காற்று சும்மா வந்தது. அந்த வருஷங்களில் மாமாவைத் தேடி ஆள் வரும். வாசலில் நின்று "சென்னகிருஷ்ணன் இருக்காரா?" என்று கேட்பார்கள். கோவிந்தப்பன் மருமகனைக் கேட்கவில்லை, சென்னகிருஷ்ணனைக் கேட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து, "இருக்காரு, இருக்காரு" என்று இரண்டு தடவை சொல்வாள்.

ஐம்பத்தாறில் ஊருக்குக் கரண்டுக் கம்பம் வந்தது. யாரும் பாட்டரி கொண்டுவரவில்லை. மாமா முழு நேரமும் ஏர் பிடித்தார். அப்பா அவரை ஒரு நாளும் ஏசியதில்லை. "மாப்ளே, மடையைத் திருப்பு." "மாப்ளே, எருவை இறக்கு." அவ்வளவுதான். மாமா சொன்னதைச் செய்துவிட்டு வந்து, தட்டைப் பார்த்தபடியே களியைத் தின்றுவிட்டு எழுந்துபோவார். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் கை கழுவிய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அஞ்செட்டி மலையில் மூங்கில் வெட்டும் கூப்புக் குத்தகை எடுத்திருந்த நாராயணப்பன் என்பவரிடம் பேச்சை ஆரம்பித்ததும் அவள்தான். ஓசூர்ச் சந்தையில் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள். அந்த மலைக்குக் கரண்டு இப்போதைக்கு வராது. நாராயணப்பனுக்குக் கொட்டகையில் விளக்கும் ரேடியோவும் வேண்டும். டைனமோவைக் கொண்டுவந்தால் பாறை மேல் மரக்கம்பம் நட்டு ஏற்றிக்கொள்ளலாம், இருக்க ஒரு வீடு தருகிறேன், அக்கம்பக்கத்துப் பாட்டரி வேலையெல்லாம் உங்களுடையது என்று சொன்னார். அவருடைய லாரி மூங்கிலை ஓசூரில் இறக்கிவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர் வழியாகக் காலியாகத் திரும்பும். மழை பிடித்துவிட்டால் அந்தப் பாதையில் லாரி ஏறாது. இதை விட்டால் தை மாசம்தான்.

அப்பா இதைக் கேட்டு ஒரு வெற்றிலை போட்டு முடித்தார். பிறகு, "போறவங்களை நான் கட்டிப் போடல. கோபுரத்தை மட்டும் உட்டுட்டுப் போங்க, கெணத்துக் கொட்டாய்க்கு ஆவும்" என்றார். அதற்குப் பிறகு அவரே, "அத்தினி கனத்தை ஆளுங்க பிடிச்சு எறக்க முடியாது. நம்ம எருதுங்களைப் பூட்டிக்கலாம்" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இறக்குவதாக இருந்தது. அன்றைக்கென்று காற்று விடவேயில்லை. கீழே இருந்த பிரேக் கம்பியை மாமா இழுத்துக் கட்டியும் இறக்கை நின்று நின்று திமிறியது. பொழுது சாய்ந்து காற்று அடங்கியபோது வெளிச்சம் போய்விட்டது. ஆக, திங்கட்கிழமை என்று ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை பசவண்ணன் என்ற எருது சாமிக்கு உரிய நாள், எருதுக்கு நுகம் வைக்க மாட்டார்கள். அம்மா விடியற்காலையிலேயே தொழுவத்தில் போய் நின்றுகொண்டாள்.

"இன்னிக்கி இதுங்க மேல கை வெக்காதே. பசவண்ணன் நாளு."

"ஏர் ஓட்டலயே மாதம்மா. கொஞ்சம் புடிச்சுக்கினு நிக்கச் சொல்றேன், அவ்வளவுதானே" என்றார் அப்பா.

"நுகம் நுகந்தான்."

"அப்ப உம் பொண்ணுகிட்டச் சொல்லு, தைக்குப் போகச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அக்கா நின்ற பக்கம் பார்த்தாள், விலகிக்கொண்டாள்.

மேலே மாமாவும் கரியப்பனும் ஏறினார்கள். கரியப்பன் எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர், தென்னை ஏறுகிறவர். உயரத்தில் அவருக்குப் பயமில்லை. மேலே போனதிலிருந்து வாய் ஓயவில்லை.

"அம்மோவ், இங்கேர்ந்து பாத்தா ஓசூர்க் கோயில் மலை தெரியுது!"

"ஓசூர அப்பறம் பாரு. கையைப் பாரு" என்றார் அப்பா.

"கையும் தெரியுது கவுண்டரே. நடுங்கறது வரைக்கும் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாகூடச் சிரித்தார். முதலில் இறக்கையைக் கழற்றினார்கள். திருகு மரைகளுக்கு முந்தின வாரமே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. மாமா அதைக் கயிற்றில் கட்டி, தாம்புக் கயிற்றில் குடம் இறக்குவதுபோல இறக்கினார். என் உயரத்தைவிட நீளம். ஓரத்தில் செம்புப் பட்டை அடித்திருந்தது. அக்கா அதைத் தன் பழைய புடவையில் சுற்றிச் சுவரோரம் படுக்க வைத்தாள்.

"பச்சைக் கொழந்தைக்குக்கூட இத்தினி சுத்து சுத்தமாட்டாங்க" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"இதுதாம்மா இப்போதைக்குக் கொழந்த" என்றாள் அக்கா. "இது சோறு போடும். மத்தது அப்பறம்."

வால் தகடும் வந்தது. மீதி டைனமோ. ஒரு ராகி மூட்டை கனம் இருக்கும். கோபுரத்தின் உச்சிக் குழாயில் அது உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே ஒரு தேக்குக் கட்டையைக் கட்டி, கிணற்றுக் கப்பியைக் கழற்றி அதில் தொங்கவிட்டிருந்தார்கள். கோபுரத்தின் காலில் இன்னொரு கப்பி. கிணற்றில் எருது பூட்டிக் கபிலை இறைக்கும் அதே தடித்த வடம் இரண்டிலும் ஓடி எருதுகளின் நுகத்துக்கு வந்தது. எருதுகள் முன்னே போனால் டைனமோ குழாயை விட்டு எழும்பும். மாமா அதைக் கோபுரத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். பிறகு எருதுகள் மெல்லப் பின்னால் வந்தால் அது இறங்கும். பின்னால் நடப்பது எல்லா எருதுக்கும் வராது. எங்கள் எருதுகள் கபிலையில் பழகியவை. சரிவில் இறங்கினால் சால் என்கிற பெரிய வாளி நிறைய தண்ணீர் மேலே வரும், வாய்க்காலில் கொட்டும், அவை தாமாகவே பின்னால் ஏறும், சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். ஒரு பகல் முழுக்க இதுதான் அவற்றின் வேலை. அப்பா ஓட்டினால் அதட்டக்கூட வேண்டாம்.

அப்பா எப்போதும்போல எருதுகளுக்குப் பின்னால், வடத்தின் பக்கத்தில் நின்றார். "ஹோ" என்றார். எருதுகள் முன்னே போயின. வடம் விறைத்தது. மேலே கரியப்பன், "எழும்புது, எழும்புது, இன்னுங் கொஞ்சம்" என்றார். டைனமோ குழாயிலிருந்து கழன்று தொங்கியது.

"நிறுத்துங்க மாமா" என்று சென்னகிருஷ்ணன் மாமா குரல் கொடுத்தார்.

அப்பா எருதுகளை நிறுத்தினார். மேலே இரண்டு பேரும் டைனமோவை வெளிப்பக்கம் தள்ளினார்கள். அதன் அடிப்பாகம் கோபுரத்தின் மேல் சட்டத்தில் இடித்தது. மாமா அதைக் கையால் தூக்கிச் சட்டத்தின் மேலேயே ஒரு மூச்சு நேரம் வைத்தார். பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி தள்ளத்தான் வைத்தார். நான் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனம் சட்டத்தின் மேல் உட்கார்ந்ததும் வடம் தளர்ந்தது.

கிணற்றில் வடம் தளர்ந்தால் சால் கொட்டிவிட்டது என்று அர்த்தம். எருதுகளுக்கு வேறு அர்த்தம் தெரியாது. இரண்டும் ஒன்றாகப் பின்னால் வந்தன. வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும்போது எப்படி வருமோ அப்படி, வேகமாக. வடம் பாம்பு மாதிரி மண்ணில் நெளிந்தது. "ஏய், ஏய்" என்று அப்பா கத்தினார். டைனமோ சட்டத்திலிருந்து சரிந்தது. அதைப் பிடித்து நிறுத்த வடத்தில் இறுக்கமே இல்லை. மாமா இரண்டு கையாலும் அதை அணைக்கப் போனார். கரியப்பன் அவர் இடுப்புத் துணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டார். இல்லாவிட்டால் அவரும் வந்திருப்பார்.

கோபுரத்தின் கால் நட்டிருந்த கல்லின் மேல் அது விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பானை உடைகிற மாதிரிதான் கேட்டது.

மாமா இறங்கி வந்தார். டைனமோவின் இரும்பு ஓடு இரண்டாகப் பிளந்து உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அச்சைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"அடிச்சு நிமித்திடலாமில்ல? ஓசூர்ல பட்டறை இருக்கே" என்றாள் அக்கா.

"அச்சை நிமித்தலாம். ஓடு வார்ப்பு. பத்தவெச்சா நிக்காது."

"வேற ஓடு?"

"கடல் தாண்டிப் போய்த்தான் வாங்கணும்."

மாமா திருப்புளியை எடுத்துவந்து, உடைந்ததைப் பிரிக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து கரண்டு எடுக்கும் கரிக்கட்டைகளைத் தனியே எடுத்தார். அச்சின் உருளைகளைத் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவினார். தெறித்துப்போன மரைகளை அக்காவும் நானும் அறுத்துப் போட்டிருந்த கொள்ளுத் தாளுக்குள் தேடினோம். யாருக்கு, எதற்கு என்று தெரியாமலே தேடினோம். ஒன்று கிடைத்தால் அக்கா அதைப் புடவையில் துடைத்து டின்னில் போட்டாள். கரியப்பன் கப்பியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் மாட்டிவிட்டு, போகும்போது மாமாவிடம், "உசுரு இருக்குது, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா களி கிண்டினாள். எல்லோரும் உட்கார்ந்தோம். மாமா கட்டிய சின்ன பல்பு சமையல் அறையில் எரிந்தது. வீட்டுக்குக் கம்பத்துக் கரண்டு இன்னும் இழுக்கவில்லை, இது பாட்டரியில் மிச்சமிருந்த சார்ஜ்.

"திங்கக்கெழம எருது பூட்டாதேன்னேன்" என்றாள் அம்மா. "யாரு கேட்டாங்க."

"எருதுங்க மேல தப்பில்லை அத்தே" என்றார் மாமா. "நான் அதைச் சட்டத்து மேல வெச்சிருக்கக் கூடாது. தொங்கலாவே தள்ளியிருக்கணும்."

அப்பா தலையாட்டினார். "சரி, உடு. நடந்தது நடந்துபோச்சி. நாளைக்கி மேக்காட்டுல ஒரு உழவு ஓட்டிடலாம், மாப்ளே. ஈரம் காயறதுக்குள்ள."

"சரிங்க மாமா."

அப்பா இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"வடம் தளந்தா அதுங்க பின்னாடி வரும்னு உனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பின்னாடி நின்னே?"

"கபிலைல எங்க நிப்பேன்? பின்னாடிதானே நிப்பேன். அங்கயேதான் நின்னேன்."

"இது கபிலையா? தலைக்கு முன்னாடி நின்னு மூக்கணாங்கயித்தப் புடிச்சிருந்தா நின்னிருக்குமே."

"இப்ப சொல்றே. காலைல சொன்னியா? உம் புருஷன் சொன்னானா? மேல அவன் எறக்கி வெப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சாட்டை கக்கத்துலயே இருந்துச்சே. எடுக்கவேயில்லையே."

அப்பா தட்டை நகர்த்தினார். "நானு எருதை அடிக்கறவன் இல்ல. ஊருக்கே தெரியும்."

அது உண்மை. அப்பா எருதை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கத்திய நேரத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால் நுகத்தை எட்டியிருப்பார் என்பதும் உண்மைதான். அந்த ஒரு எட்டு வைக்க நேரம் இருந்ததா என்பதை மட்டும் நான் எத்தனை தடவை மனசில் ஓட்டிப் பார்த்தாலும் சொல்ல முடியவில்லை. அவர் கால் அசைந்த மாதிரியும் இருக்கிறது, அசையாத மாதிரியும் இருக்கிறது.

"நீ கீழதானே நின்னே வெங்கடி" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தயும் பாத்துக்கினுதானே நின்னே. சொல்லு. அப்பாவால புடிச்சிருக்க முடியுமா, முடியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவரும் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

"போதும் ராஜாத்தி" என்றார் மாமா. "நாராயணப்பன்கிட்ட யார் மூலியமாவது சொல்லி அனுப்பிடலாம்."

அவர் எழுந்துபோய்ப் பாட்டரி ஒயரைக் கழற்றினார். பல்பு அணைந்தது. அம்மா சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

காலையில் நான் எழுந்தபோது அப்பாவும் மாமாவும் மேல்காட்டில் இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் காடும் அதைத் தாண்டிச் சாலையும் தெரியும். மாமா ஏர் பிடித்திருந்தார். அப்பா வரப்பு ஓரமாக மண்வெட்டியால் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். நாலு உழவுசால் ஓட்டியிருப்பார்கள்.

அக்கா தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். போன வாரமே அடுக்கியது, பிரிக்கவேயில்லை. அதன் பக்கத்தில் பாய், ஒரு தவலை, பாட்டரிகள், பிஸ்கட் டின். கடைசியாக, புடவை சுற்றிய இறக்கை.

"இதையெல்லாம் எங்கடி தூக்கினு போறே?" என்றாள் அம்மா. "மிஷின்தான் போச்சே. அங்க போயி என்னத்த வெச்சுப் பொழப்பீங்க?"

"மூங்கில் வெட்டுவோம்."

"யாரு, நீயா?"

"நான்தான். கத்தி புடிக்கத் தெரியாதா எனக்கு? இந்த வீட்ல கரும்பு வெட்னது யாரு?"

"உம் புருஷன் அங்க ஏர் ஓட்டினு இருக்கான், பாரு."

"பாத்தேன்" என்றாள் அக்கா.

லாரி சாலைத் திருப்பத்தில் ஆரன் அடித்தது. அக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் இறக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தூக்கினேன். பாட்டரி கனம், என்னால் ஆகவில்லை. லாரி டிரைவர் இறங்கிவந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டார்.

"மிஷின் எங்கம்மா? மொதலாளி பெரிசா இருக்கும்னு சொன்னாரே. எடம் உட்டு வெச்சிருக்கேன்."

"உடைஞ்சுபோச்சி. ஆளுதான் வரோம்."

"மொதலாளி என்னைக் கேப்பாரே."

"நான் சொல்லிக்கறேன். பயந்துக்கினு நிக்காதே, கதவைத் தொற" என்றாள்.

டிரைவர் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கீழே நின்ற என் தலையில் கை வைத்து, "அம்மா மாத்திர தின்னாளான்னு பாத்துக்க" என்றாள். மேல்காட்டைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

மாமா ஏரை நிறுத்தியிருந்தார். சாலைப் பக்கம் திரும்பி நின்றார்.

அப்பா நிமிரவில்லை. கட்டியை உடைத்துக்கொண்டே, "எருது நிக்குது, மாப்ளே" என்றார். காலை நேரத்தில் அந்தக் காட்டில் பேசினால் சாலை வரைக்கும் கேட்கும்.

மாமா மேழியிலிருந்து கையை எடுத்தார். சாட்டையை உழவுசாலின் மேல் வைத்தார். அப்பா இப்போது நிமிர்ந்தார். மாமா அவர் பக்கமாகத்தான் வர வேண்டியிருந்தது, வரப்பு அங்கேதான் இருந்தது. அப்பாவின் எதிரில் வந்ததும் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டார்.

மாமா குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டு, வரப்பைத் தாண்டி, என்னைக் கடந்துபோய், முழங்கால்வரை மண்ணோடு லாரியின் பின்பக்கம் ஏறிக்கொண்டார்.